நான் போட்ட மஞ்சள் கோட்டில் எட்டரை மீட்டர் தப்பு

போன வாரம் நாகேஷ் போன் செய்தான். மைசூரில் நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த அரசுக் கல்லூரியில், எனக்குப் பிறகு மைதான மார்க்கராக வந்தவன். "மாதண்ணா, நீங்க ஜெயிச்சுட்டீங்க!" என்று கத்தினான். நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லையே என்று யோசிப்பதற்குள் அவனே விளக்கினான். கல்லூரிகளைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று இருந்ததை இப்போது கர்நாடகத்தில் நூறு மீட்டர் என்று திருத்திவிட்டார்களாம். "அப்போ நீங்க அன்னிக்குப் போட்ட கோடுதான் கரெக்ட். சட்டமே உங்க பின்னாடி நடந்து வந்திருக்கு. இதை எழுதுங்கண்ணா, நம்ம ஊழியர் சங்க மலர்ல போடலாம்."

எழுதுகிறேன். ஆனால் அவன் சொல்கிற மாதிரி அல்ல. அன்று நான் போட்டது தப்பு. எட்டு மீட்டர் ஐம்பத்தாறு சென்டிமீட்டர் தப்பு. அதைத் தப்பு என்று என் கைப்பட எழுதிக் கொடுத்ததால் என் பென்ஷன் பதினொரு மாதம் தாமதமாக வந்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தப்பை, சட்டம் இத்தனை காலம் கழித்து வந்து சரி என்று சொன்னால் நான் விட்டுக் கொடுப்பேனா? மாட்டேன்.

மார்க்கர் என்றால் என்ன வேலை என்று என் சம்பந்தி இன்றுவரை கேட்கிறார். ஓட்டப் பாதைக்கும், கபடிக் களத்துக்கும், வாலிபால் கோர்ட்டுக்கும் சுண்ணாம்புத் தூளில் கோடு போடுகிற வேலை. பையன்கள் ஓடி மெடல் வாங்குவார்கள், நான் அடுத்த நாள் காலையில் அவர்கள் மிதித்து அழித்த கோட்டை மறுபடி போடுவேன். எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து இருபத்தைந்து வயதில் தினக்கூலியாக வந்தேன். முதல் மூன்று வருடம் பழைய மார்க்கருக்குக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கற்றுக் கொடுத்தது மொத்தம் மூன்று விஷயம்: டேப்பின் பூஜ்யம் வளையத்தின் வெளி விளிம்பிலா உள்ளேயா என்று முதலில் பார், டேப்பைத் தொய்ய விடாதே, அளந்ததை நம்பாதே, திரும்ப அள. நான்காவதாக, சுற்றறிக்கையைப் படி என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் நடந்ததில் அவருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

மைதானத்துக்குச் சுண்ணாம்பு போட்டவன் வாய்க்கும் போட்டேன். இடது உள்ளங்கையில் புகையிலை, அதன்மேல் துளிச் சுண்ணாம்பு, வலது கட்டைவிரலால் கசக்கி, இரண்டு தட்டு தட்டி, கீழுதட்டுக்குள். கசக்கியதில் பாதி எனக்கு, பாதி நூலக அட்டெண்டர் சித்தராஜுவுக்கு. அவனுக்குக் கசக்கத் தெரியாது என்று நான் கேலி செய்வேன். இருபது வருடம் அவனுக்கும் சேர்த்து நான்தான் கசக்கினேன். பிறகு அவன் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ராவால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டி, வலது கட்டைவிரலால் கசக்குகிற மாதிரி செய்து காட்டிச் சிரித்தான். பாதி முகத்தால்தான் சிரிக்க முடிந்தது. நான் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் பொட்டலத்தை எடுத்தேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம்தான் சுமித்ரா மேடம் பிரின்சிபாலாக வந்தார். வேதியியல்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், ஒரு வெள்ளைத் தாளை நம் பக்கம் நகர்த்துவார், "எழுதிக் கொடுங்கள்" என்பார். அவ்வளவுதான். கடைநிலை ஊழியனையும் 'அவரே' போட்டுத்தான் கூப்பிடுவார். எங்கள் பேச்செல்லாம் கன்னடத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன், அந்த 'அவரே'யை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் திட்டு முழுவதும் அதற்குள்தான் இருக்கும்.

ஒரு நாள் ஸ்டோர் ரூம் பின்னால் நான் கசக்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றார்.

"மாதையனவரே, உள்ளங்கையில் என்ன?"

"சுண்ணாம்பு மேடம். கிரவுண்டுக்கு."

"கிரவுண்டை உள்ளங்கையிலா போடுகிறீர்கள்?"

ஆபீசுக்குப் போனோம். கண்ணாடி கழன்றது. தாள் நகர்ந்தது. "வளாகத்துக்குள் புகையிலை கசக்கினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, ஃபைலில் வைத்தார். இரண்டு நாள் கழித்துப் புகையிலைத் தடுப்புக் குழு என்று ஒன்று அமைத்து அதில் என்னைப் போட்டார். "எங்கெங்கே ஒளிந்து போடுகிறார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டும்" என்று காரணமும் எழுதினார். என் வாழ்க்கையில் தகுதி அடிப்படையில் கிடைத்த ஒரே பதவி அதுதான்.

தடை அறிவிப்புப் பலகையில், புகாரை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும் என்பது விதி. மெயின் கேட்டில் என் பெயர் ஏறியது. மறுநாளே போன் வந்தது: "அண்ணா, கேன்டீன் அடுப்பு ரொம்பப் புகைக்குது, வந்து பிடிங்க." இன்னொருவன், "அண்ணா, எங்க ஹெச்.ஓ.டி. காதுல புகை வருது" என்றான். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், மேடம் குறிக்கச் சொல்லியிருந்தார்.

பிடிப்பதற்கு அவர் வகுத்த முறை விசித்திரமானது. சட்டையைத் தொடக் கூடாது. பிடுங்கக் கூடாது. இரண்டு கை தூரத்தில் நின்று முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்க வேண்டும். அணைக்கச் சொல்ல வேண்டும். துண்டை நாமே பொறுக்கி உறையில் போட்டு, இடமும் நேரமும் எழுத வேண்டும். அப்புறம்தான் அபராத ரசீது. வணக்கம் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பௌதிக ஆசிரியரைப் பார்த்து, "நமஸ்கார சார்" என்றேன். மனிதர் மரியாதைக்குப் பதில் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். வணக்கத்துக்கு முன்னால் புகை வந்தது. அதற்கப்புறம் அவர் எதை மறுக்க முடியும்?

உள்ளே ஓரளவு அடங்கியது. நானும் வளாகத்துக்குள் புகையிலை போடுவதை விட்டேன். வீட்டில் விட இன்னும் இரண்டு வருடம் ஆனது, அது என் மனைவி எழுத வேண்டிய கட்டுரை. ஆனால் கேட்டைத் தாண்டினால் கடைகள். வெளியே எல்லைக் கோடு போட மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. "கோடு போடுவது உங்கள் தொழில், நூறு, சுற்றுச்சுவரிலிருந்து" என்று மேடம் உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுற்றறிக்கையில் நூறு கஜம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அதைப் படித்திருக்க வேண்டியவன் நான். ஆனால் முப்பத்து நாலு வருடம் ஓட்டப் பாதை போட்டவன் காதில் நூறு என்று விழுந்தால், கால் தானாக மீட்டரில்தான் நடக்கும். ஐம்பது மீட்டர் டேப்பை இரண்டு முறை போட்டேன். திரும்ப அளந்தேன். அதுவும் மீட்டரில்தான். ரோட்டைக் கூட்டி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்தேன். சென்டிமீட்டர் பிசகவில்லை. தப்பை இவ்வளவு துல்லியமாகச் செய்தவன் மைசூரில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

கோட்டுக்குள் மாட்டிய கடைகள் இரண்டு. ஒன்று, சாவ்காரின் காம்ப்ளெக்ஸில் கீழ்த்தளத்தில் இருந்த பான் கடை, சுவரிலிருந்து அறுபத்திரண்டு மீட்டர். சாவ்கார் என்றால் எங்கள் பக்கம் பணக்காரர். இவர் எங்கள் கல்லூரி வளர்ச்சிக் குழுவிலும் உறுப்பினர். இன்னொன்று ராஜம்மாவின் டீக்கடை, தொண்ணூற்று ஐந்து மீட்டர். ராஜம்மா எங்கள் ஊர்ப் பக்கம் கோபிநத்தத்துப் பெண், புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து நடக்க முடியாமல் வீட்டில் இருந்தார். கோடு காய்வதற்குள் அவள் பீடி சிகரெட் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். பான் கடைக்காரன் கோட்டை மிதித்து வந்து பெயின்ட் காய்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போனான்.

அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஓட்டக்காரப் பையன்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரோரம் குனிந்து நின்று விசில் அடித்து, மஞ்சள் கோடு வரை ஓடி, கடிகாரம் பார்த்தார்கள். "மாதண்ணா, கரெக்டா ஹன்ட்ரட் மீட்டர்!" என்று தோளில் தூக்கினார்கள். நான் பூரித்துப்போய், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையடித்தேன். பான் கடையில் நின்று அவனிடமே சொன்னேன். "வேணும்னா டேப்பைக் கொண்டா, ஒரு இன்ச்சு தப்பு இருந்தா என் மீசையை எடுத்துடறேன்." அவன் அதை சாவ்காரிடம் சொன்னான். சாவ்கார் வக்கீலிடம் சொன்னார். வக்கீலுக்குக் கஜம் தெரிந்திருந்தது.

சாவ்கார் மைதானத்துக்கே வந்தார். பார்வையாளர் படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"மாதப்பா, சட்டம் நூறு கஜம் என்கிறது. தொண்ணூற்று ஒரு மீட்டர் சொச்சம். நீ நூறு மீட்டர் போட்டிருக்கிறாய். கோடு செல்லாது."

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன், எட்டரை மீட்டர்.

"உனக்கு ரிட்டயர் ஆக எத்தனை மாதம்?"

"மூணு, சார்."

"தப்பு உன்னுடையது என்றால் விசாரணை வரும். விசாரணை இருந்தால் பென்ஷன் ஃபைல் நகராது. உன்னைப் போன்றவன் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? மேடம்தான் மீட்டரில் போடச் சொன்னார் என்று ஒரே ஒரு வரி எழுது. அவர் வேறு ஊருக்குப் போவார், கோடு போய்விடும், நீ பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இரு."

"எனக்குப் பேரன் சார்."

"சரி, பேரன்."

யோசித்தேன். வீரமாக உடனே எழுந்தேன் என்று எழுத ஆசைதான். அன்று இரண்டு கபடிக் களம் கோணலாகப் போட்டேன் என்பதுதான் உண்மை. வீட்டுக் கடனில் மூன்று தவணை, ஒரு மகள் கல்யாணக் கடன், எல்லாம் அந்தப் பென்ஷனை நம்பியிருந்தது. ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் மேடம் போவார், பலகை போகும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறுபடி புகை வரும். யாரோ ஒருவன் கையில் இன்னொரு சித்தராஜுவுக்குப் பாதி கசங்கும்.

முதலில் ராஜம்மாவிடம் போனேன்.

"ஏனுங்கண்ணா, மூஞ்சி இப்புடி இருக்குது? டீ போடட்டுங்களா?"

"போடு. குடிச்சிட்டுத்தான் சொல்லுவேன். சொல்லிட்டா தர மாட்டே."

குடித்துவிட்டுச் சொன்னேன். அவள் அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"எட்டரை மீட்டருங்களா? ரெண்டு மாசமா பீடி இல்லைன்னு மேஸ்திரிமாரு ஒருத்தரும் டீக்கு வர்றதில்லீங்க. நம்ம பக்கத்து ஆளு, கோடு போட்டா நேராத்தான் போடுவாருன்னு பொட்டியத் தூக்கி உள்ள வெச்சேன். அந்த பான் கடைக்காரன் ஒரு பாக்கெட்டையாச்சும் எடுத்தானுங்களா? உங்க கோட்டுக்கு மருவாதி குடுத்த ஒரே பைத்தியக்காரி நாந்தான்."

"தப்பு என்னுதுதான் ராஜம்மா."

"அத எங்காதுல சொன்னா ஆச்சா? ரோட்டுல நின்னு சொல்லோணும். அவனுங் கேக்கோணும்."

"சொல்றேன். ஆனா நீயும் அந்தப் பீடிய விக்காம இருந்தா..."

"மொதல்ல கோட்டச் சரியாப் போடுங்கோ. அப்பறம் வந்து புத்தி சொல்லுங்கோ."

நேராக மேடம் அறைக்குப் போனேன். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் தாளை என் பக்கம் நகர்த்தவில்லை, தன் பக்கம் இழுத்தார்.

"மாதையனவரே, உத்தரவில் வெறுமனே நூறு என்று எழுதியது நான். கையெழுத்து என்னுடையது."

"மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லையே மேடம். டேப்பைப் பிடித்தது நான். அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள்."

"உங்களுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது."

"உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அதைத்தான் அவர்கள் குறி வைக்கிறார்கள்."

தாளை ஏறக்குறையப் பிடுங்கினேன். பிடுங்கக் கூடாது என்ற விதியை மீறியது அன்று ஒரு முறைதான். "சுற்றறிக்கையைப் படிக்காமல், பழக்கத்தால், கஜத்துக்குப் பதில் மீட்டரில் அளந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வரும் சனிக்கிழமை காலை எல்லோர் முன்னிலையிலும் திரும்ப அளப்பேன்" என்று எழுதினேன். அவர் படித்தார். திருத்த எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதற்கே எனக்கு ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை பத்து மணி. மாணவர்கள் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ராஜம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். சாவ்கார் வக்கீலுடன் வந்தார். நான் ரோட்டின் நடுவில் நின்று, கன்னடத்திலும் தமிழிலும் சொன்னேன்: "போன தடவை நான் தப்பா அளந்தேன். அந்தம்மா கடையை அநியாயமா உள்ளே போட்டேன். மன்னிக்கணும்." சுவர்மேல் இருந்த ஒருவன், "மாதண்ணா, மீசை!" என்று கத்தினான். மீசை விஷயம் சட்டத்தில் இல்லை என்று பதில் சொன்னேன்.

இரும்பு டேப். வளையத்தின் வெளி விளிம்பில் பூஜ்யம். அதை வக்கீலுக்கே காட்டினேன். "கட்டடத்தின் வாசலிலிருந்து அளக்க வேண்டும்" என்று சாவ்கார் ஆரம்பித்தார். விதியில் சுற்றுச்சுவர் என்று இருப்பதை மேடம் வாசித்தார். வக்கீல் சாவ்காரின் முழங்கையைத் தொட்டார். ஆணியைச் சுவரடியில் அடித்து, பூஜ்யத்தை வக்கீலையே பிடிக்க வைத்தேன். முதல் ஐம்பது. சாக்குக்கட்டிக் குறி. அங்கிருந்து நாற்பத்தொரு மீட்டர் நாற்பத்து நாலு சென்டிமீட்டர். அங்கே ஒரு குறி. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப அளந்தேன். அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், அதையும் சத்தமாகச் சொன்னேன்.

ராஜம்மாவின் கடை வெளியே மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தது. அவள் போய்ப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அது அவள் உரிமை. என் வருத்தத்துக்காகக் கோட்டை எட்டரை மீட்டர் நீட்ட முடியாது. பான் கடை உள்ளேயே இருந்தது. சாவ்கார், "இன்னொரு முறை அள" என்றார். இன்னொரு முறை அளந்தேன். "இன்னொரு முறை" என்றார். அதற்குள் மாணவர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது முறை முடிந்ததும் மேடம், வரவழைத்திருந்த போலீஸ் அலுவலரிடம் கோட்டுக்குள் இருக்கும் கடைகளின் பட்டியலைக் கொடுத்தார். மதியத்துக்குள் அந்தக் கடையிலிருந்து பாக்கெட்டுகள் இறங்கின. பழைய கோட்டுக்குத் தார் பூசினேன். புதியதற்கு மஞ்சள் அடித்தேன்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. விசாரணை அதிகாரி நல்ல மனிதர். "யாராவது சொன்னார்கள் என்றால் இதை இன்றே முடித்துவிடலாம், யார் சொன்னது?" என்று மூன்று விதமாகக் கேட்டார். "என் கால் சொன்னது சார்" என்றேன். அவர் அதை எப்படி எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை. கடைசியில் கண்டனம் என்று ஒரு வரியோடு முடிந்தது, ஆனால் முடிவதற்குள் நான் ஓய்வு பெற்று எத்தனையோ மாதம் ஓடிவிட்டது.

ஓய்வு பெறும் நாளன்று மேடையில் நாற்காலி போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி மாலை, சால்வை, தலைக்கு மைசூர் பேட்டா. பேட்டாவைத் தலையில் வைக்க வேண்டியவர் வளர்ச்சிக் குழு உறுப்பினர். வேறு யார், சாவ்கார்தான். ஜரிகை மின்னும் தலைப்பாகையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்தபடி, என் காதருகே குனிந்தார்.

"மாதப்பா, உன் ஃபைல் எங்கே நிற்கப் போகிறது தெரியுமா?"

மைக் பக்கத்தில்தான் இருந்தது. அதை நான் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன் என்று அன்று கூட்டத்தில் இருந்த நாகேஷ் இப்போதும் சொல்கிறான், அப்படி நினைவில்லை.

"எங்கே வேணாலும் நிக்கட்டும் சார். உங்க கடை அறுபத்திரண்டு மீட்டரிலேயேதான் நிக்கும்."

கூடம் அதிர்ந்தது என்று சொல்வார்கள். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் அவசரத்தில் பேட்டாவை விட்டுவிட்டார், அது என் தலைக்கு ஒரு சுற்று பெரிது, நேராக மூக்கு வரை இறங்கிவிட்டது. அதனால் அந்த நேரத்தில் அவர் முகம் எப்படிப் போனது என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.